கீழ்ச்சரிவுப் பங்கு

பூப்பாறைச் சரிவு
3 அக்டோபர் 2024

என் அருமை அருள்மொழிக்கு,

காய் உலர்ந்துவிட்டது! நம் ஏலக்காய்!

இங்கே பாறைமேல் ஏறினால்தான் போனில் சிக்னல். ஊர் கேட்க இதைக் கத்திச் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் சுருளியண்ணன் ஜீப்பில் கடிதம் வருகிறது. காலையில் ஆள் ஏற்றி வருகிறவர், சாயங்காலம் என் சந்தோஷத்தையும் ஏற்றிக்கொண்டு போடிக்கு இறங்கட்டும்.

நீயும் நானும் குத்தகைக்குப் பிடித்த இந்த மலைத்துண்டில், மேல்சரிவில் முதல் காய்ப்பறிப்பு முடிந்தது. பக்கத்து எஸ்டேட்டின் உலர்த்தும் அறையை வாடகைக்குக் கேட்டு வாங்கினேன். ஒரு லோடு விறகு எரிந்தது. "வெறகு வாங்குன காசுக்கு ரெண்டு ஆடு வாங்கி மேச்சிருக்கலாம் ஆத்தா, பாலாவது குடிச்சிருப்ப" என்று காய் பறிக்க வரும் மாயக்காள் அக்கா சீண்டிக்கொண்டே இருந்தாள். கதவைத் திறந்ததும் வந்த வாசத்தில் அவளே ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். என்ன பச்சை, அருள்! போடி ஏலத்துக்குப் போகும்வரை மூட்டைகள் என் கட்டிலுக்குக் கீழேதான்.

கீழ்ச்சரிவில் போன வருடம் வைத்த கன்றுகளும் இடுப்பு உயரம் வந்துவிட்டன. நீதான் இந்த வருடம் ஒரு தடவைகூட ஏறி வரவில்லை. ஆடிட்டர் ஆபீசில் அப்படி என்ன சோலி?

ஒரே ஒரு வருத்தம். கணக்கில் விறகைப் 'போன செலவு' என்று எழுதினேன்.

அன்புடன்,
சந்திரவல்லி

*

போடி
5 அக்டோபர் 2024

அடி வல்லி,

கடிதத்தை முகர்ந்து பார்த்தேன். ஏலக்காய் வாசம்! ஆபீசில் எல்லோரிடமும் நீட்டினேன், பைத்தியம் என்றார்கள்.

முதலில் அந்த வரியை அடி! விறகு சாம்பலானால் செலவு சாம்பலாகிவிடுமா? எதற்காகச் செலவழித்தோமோ அந்தப் பலன் இன்னும் வரவேண்டியிருந்தால் அது தீராத செலவு. நம் சொத்து. பலன் வந்து முடிந்தாலோ, இனி வரவே வராது என்று ஆனாலோதான் தீர்ந்த செலவு. அந்த விறகும் பறிப்புக் கூலியும் உன் கட்டிலுக்குக் கீழே மூட்டையில் இருக்கின்றன. காய் விற்கிற அன்றுதான் தீரும். பி.காம். பரீட்சையில் இதை மனப்பாடமாக எழுதி மார்க் வாங்கினேன், இப்போதுதான் எனக்கே புரிகிறது!

இனி எழுதப் பிடிக்காததை எழுதுகிறேன். எங்கள் உக்கிரபாண்டி அண்ணன் ஜீப் வாங்கப் போகிறான். என் பங்கைப் பிரித்துக் கேட்கிறான். போன வாரம் போடிமெட்டு வழியாக வந்தபோது நம் கீழ்ச்சரிவை ரோட்டிலிருந்து பார்த்திருக்கிறான். "செடி யானைக்குட்டியாட்டம் நிக்குது. அத நாம எடுத்து கைமாத்தி விட்ருவோம். மேல இருக்குற மேக்காடும் மூடையும் அந்தப் புள்ளைக்கு. வெறகு, கூலின்னு போனதெல்லாம் போச்சு, அதப் பேச வேணாம்" என்கிறான்.

நான் யோசித்தேன். கன்று, குழி, உரம் எல்லாம் இன்னும் காய்க்காத செலவு. சுத்தமான தீராத செலவு. அதனால் பங்கு நியாயமாகத்தான் தெரிகிறது. எனக்குப் பிரிய மனமில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. பங்கு பிரிக்கிற ஒப்பந்தம் இத்துடன் இருக்கிறது. சம்மதம் என்றால் கையெழுத்துப் போட்டுச் சுருளியண்ணனிடம் கொடு.

உன்,
அருள்

*

பூப்பாறைச் சரிவு
8 அக்டோபர் 2024

அருளுக்கு,

கையெழுத்துப் போடவில்லை. காரணம் பிரிய மாட்டேன் என்ற பிடிவாதம் இல்லை.

உன் கடிதம் வந்த அன்று ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு கீழ்ச்சரிவில் நடந்தேன். உனக்குப் போகப்போகிற செடிகளை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிடலாம் என்று. ஒரு குருத்திலையை வெயிலில் பிடித்தேன். நடுநரம்பிலிருந்து ஓரம்வரை வெளிறிய கோடுகள். அடுத்த செடியிலும். அதற்கடுத்ததிலும். "என்ன ஆத்தா, எலையில சோசியம் பாக்குறியா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டு வந்த மாயக்காள் அக்கா, இலையைப் பார்த்ததும் சிரிக்கவில்லை.

தேமல் நோய், அருள். செடி பச்சையாக நிற்கும். ரோட்டிலிருந்து பார்த்தால் அழகாகவும் இருக்கும். காய் மட்டும் வராது. நீ எழுதினாயே, பலன் இனி வரவே வராது என்று ஆனால் என்று. அது இதுதான். உன் பங்கு என்று நீங்கள் கேட்பது தீர்ந்துபோன செலவு.

விட்டால் மேல்சரிவுக்கும் தாவும். உன்னைக் கேட்க நேரமில்லை. ஆள் வைத்து அன்றே பிடுங்கி எரித்துவிட்டோம். ஒரு ஓரத்தில் கொஞ்சம்தான் நல்ல செடி மிஞ்சியது. உங்கள் அண்ணன் நம்ப மாட்டார், தெரியும். நீயாவது நம்பு.

பங்கு வேண்டுமென்றால் மூட்டையில் பாதி எடுத்துக்கொள். மேல்சரிவில் பாதியும். கீழ்ச்சரிவு நஷ்டத்தை என் பெயரில் எழுதிக்கொள்கிறேன். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையதுதானே.

வல்லி

*

போடி
9 அக்டோபர் 2024

அடியே வல்லி,

வீட்டில் பெரிய ரகளை! உன் கடிதத்தை அண்ணனிடமே வாசித்துக் காட்டினேன். குதித்தான். "நம்ம கேட்டோம்னு தெரிஞ்சதும் பிடுங்கிப் போட்டுட்டாளா? பச்சச் செடிய எவனாச்சும் கொளுத்துவானா? என்னையக் கேனப்பயன்னு நெனச்சாளா?" என்றான்.

எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ! "அண்ணே, ஒன்னைய ஏமாத்தணும்னு நெனச்சிருந்தா அவ வாயத் தொறக்காம கையெழுத்துப் போட்டிருப்பா. செத்த செடிய ஒன் தலையில கட்டிட்டு மேக்காட்ட முழுசா வச்சிருப்பா. அவ பேசாம இருந்திருந்தா இன்னைக்கு நீ கேனப்பயதான்" என்றேன்.

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். வெகுநேரம் கழித்து வந்து, "சோறு போடு" என்றான். அவ்வளவுதான். ஜீப்புக்கு வேறு வழி பார்க்கட்டும். என் பங்கு பிரியாது. முடியாது என்று அவனிடம் சொல்லியாயிற்று, வல்லி. சொல்லிவிட்டேன்!

ஆனால் உன்மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. நஷ்டத்தை உன் பெயரில் எழுதுவேன் என்று எந்தத் துணிச்சலில் சொன்னாய்? அந்தக் கன்றில் பாதி என் பணம். நோய் வந்தது நம் இருவருடைய செடிக்கு. காயில் பாதி வாங்குகிறவள் தேமலிலும் பாதி வாங்குவாள்.

சனிக்கிழமை முதல் ஜீப்பில் ஏறுகிறேன். அதற்குள் கணக்கைத் திருத்தி வை. தீர்ந்த செலவில் சரிபாதி, என் பெயரில்.

உன் பங்காளி,
அருள்மொழி