மூன்று கட்டத்திலும் ஒரே வீடு

நெய்வேலி,
22.4.2025

அன்புள்ள அருள் அப்பாவுக்கு,

விஜயகுமாரி எழுதுவது. உங்கள் நலத்தைத் தினமும் இரண்டு வேளை போனில் கேட்டுவிடுகிறேன், அதனால் அந்த வரியை விட்டுவிடலாம். நான் நன்றாக இருக்கிறேன். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பீர்கள். நேற்று எந்த ஊரில் குடியிருப்பது என்று பேச ஆரம்பித்தோம். உங்கள் தங்கை கல்யாணத்தில் என் அண்ணன் இலைக்குப் பாயசம் வராமல் போனதில் வந்து முடிந்தது. அதனால் ஒரு ஏற்பாடு. போனில் அருளும் சாப்பாடும் மட்டும். ஊர் விஷயம் கடிதத்தில். கடிதம் எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

முடிவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் நான் ராஜஸ்தான் சுரங்கத்தில் இருந்தேன், நீங்களும் குழந்தையும் பாளையங்கோட்டையில் இருந்தீர்கள். இப்போது பதவி உயர்வோடு இங்கே வந்திருக்கிறேன். கன்வேயர் கன்ட்ரோல் ரூம், ஷிஃப்ட் வேலை, ஒரு பெல்ட் நின்றாலும் பத்து இடத்திலிருந்து போன் வரும். அதெல்லாம் எனக்குப் பழக்கம். பழகாதது ஒன்றுதான். முந்தாநாள் அருள் என்னிடம், "உங்க வீட்ல இன்னைக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டாள். உங்க வீடாம். ஒன்பது வயதுக் குழந்தை, எந்தக் கோபமும் இல்லாமல்தான் கேட்டாள். போனை வைத்துவிட்டு அழுதேன்.

ஜூன் இரண்டாம் தேதி பள்ளி திறக்கும்போது நாம் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். அதில் பேச்சே இல்லை. எந்த ஊர்க் கூரை என்பதை மட்டும் பேசுவோம். கண்ணாடிக் கடையை விட்டு வருவது உங்களுக்கு லேசில்லை என்று எனக்குத் தெரியும். பதினைந்து வருடமாக அளவெடுத்துப் பழகிய மூக்குகளை விட்டு வரவேண்டும். அதனால் உங்களுக்குக் கடை போடத் தோதான ஊரையும் சேர்த்தே யோசியுங்கள்.

உங்கள்
விஜி

*

பாளையங்கோட்டை,
29.4.2025

அன்புள்ள விஜிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். அருள் எட்டிப் பார்த்து, "நோட்டீஸாப்பா?" என்றாள். ஒரு வகையில் நோட்டீஸ்தான் என்று சொன்னேன்.

வருகிறேன். அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம். கடை ஓனரிடம் மே மாதத்தோடு காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். நீ இல்லாத வீட்டில் நானும் அருளும் மூன்று வருடமாகத் தோசைக்கல்லைத் தேய்த்தது போதும்.

ஆனால் நெய்வேலி வேண்டாம். அங்கே பிறந்து இருபத்துமூன்று வருடம் இருந்தவன் சொல்கிறேன். டவுன்ஷிப்பில் கடை கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் பாதிப் பேர் ரிட்டயர் ஆகி வேறு ஊருக்குப் போகும்வரை அங்கே தங்கியிருப்பவர்கள். முப்பத்துநான்கு வருடம் ஷிஃப்ட் பார்த்த மனிதன், ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய ஊர் அது. நமக்குக் கடலூர் சரிப்படும். கோர்ட் இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, பேப்பர் படிக்கிற ஜனங்கள் இருக்கிறார்கள். அருளுக்குக் கடல் இருக்கிறது. சிதம்பரம் என்றாலும் எனக்குச் சம்மதமே.

நெய்வேலி வேண்டாம், வடலூரும் வேண்டாம். காரணம் கேட்காதே. மற்ற எந்த ஊரைச் சொன்னாலும் பெட்டியைக் கட்டுகிறேன்.

அன்புடன்
பாலகுமார்

*

நெய்வேலி,
11.5.2025

அன்புள்ள அருள் அப்பாவுக்கு,

காரணம் கேட்காதே என்று எழுதிவிட்டால் கேட்காமல் இருப்பேனா? ஆனாலும் முதலில் நீங்கள் சொன்ன ஊர்களுக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். ஓய்வு நாளெல்லாம் வாட்ச்சும் கையுமாகப் பஸ்ஸில்தான் கழிந்தது.

கடலூரில் வீடு நன்றாகத்தான் இருக்கிறது. காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு நான் நான்கு மணிக்கே கிளம்ப வேண்டும். சிதம்பரத்திலிருந்து வந்தால் சேத்தியாத்தோப்பில் பஸ் மாற வேண்டும். அங்கே முக்கால் மணி நேரம் நின்றேன், அடுத்த பஸ் வருவதற்குள் இரண்டு டீ ஆகிவிட்டது. பண்ருட்டியில் பலாப்பழ சீசன், இறங்கியதும் ஊரே மணந்தது, சாப்பிட்ட நேரத்தில் வீடு பார்க்க மறந்துவிட்டேன். மொத்தத்தில் இந்த ஊர்களில் எதில் குடியிருந்தாலும் அருள் தூங்கும் முகத்தைத்தான் நான் பார்ப்பேன். அதை ராஜஸ்தானிலிருந்து போன் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தேனே.

இப்போது ஒரு நல்ல செய்தி. உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

காலியாகப் போகும் குவார்ட்டர்ஸ் பட்டியல் போட்டிருந்தார்கள். அதில் பத்தொன்பதாம் பிளாக், கடைசித் தெரு, மூலை வீடு! உங்கள் அப்பா படத்தின் பின்னால் மாமா தன் கையால் எழுதிய அதே விலாசம். நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். அங்கே இப்போது மாடசாமி என்பவர் இருக்கிறார், அவரும் ரிட்டயர் ஆகி இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறார். நீங்கள் அருளுக்குக் கதை சொல்வீர்களே, அந்தப் பலாமரம் அப்படியே நிற்கிறது. அடிமரத்திலேயே ஏழு காய். ஒன்றை அறுத்துக் கொடுத்தார்.

விண்ணப்பத்தில் விருப்பத்தை வரிசையாக எழுத மூன்று கட்டம் இருக்கிறது. "மேடம், மூணு வீடு போடலாம், ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு கெடைக்கும்" என்றார் ஆபீஸில் செல்வகுமார். நான் மூன்று கட்டத்திலும் இந்த வீட்டு எண்ணையே எழுதினேன். அவர் சிரித்துவிட்டார். நேற்று ஒதுக்கீடு வந்துவிட்டது!

நெய்வேலி வேண்டாம் என்று நீங்கள் சொல்வது, வளர்ந்த வீட்டை விட்டு வந்த வருத்தத்தில்தான் என்று எனக்குத் தெரியும். அந்த வீடே திரும்பக் கிடைத்தால்? ஜூன் இரண்டாம் தேதிக்குள் ஏற்புக் கையெழுத்துப் போட வேண்டும். வேண்டாம் என்றால் ஒரு வருடம் வேறு வீடு கேட்க முடியாது. ஏன் வேண்டாம் என்று சொல்லப் போகிறோம்! மாமா ஆசீர்வாதம் என்றுதான் நினைக்கிறேன்.

சந்தோஷத்தோடு
விஜி

*

பாளையங்கோட்டை,
16.5.2025

விஜிக்கு,

என்னைக் கேட்காமல் ஏன் செய்தாய்?

இந்த ஒரு வரியோடு கடிதத்தை அனுப்பிவிடலாம் என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். அது உனக்குச் செய்யும் நியாயம் இல்லை. பன்னிரண்டு வருடத்தில் உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

அப்பா ஊரில் ஒரு சென்ட் நிலம் வாங்கவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் வடலூரிலும் கடலூரிலும் மனை வாங்கியபோது, "எம் பய பர்மனென்ட் ஆயிருவான், வீடு அவன் பேருக்கு வந்துரும், எதுக்கு மனை?" என்பார். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது அந்த வீட்டு கேட்டுக்குத் தன் செலவில் பச்சை பெயின்ட் அடித்தார். கம்பெனி வீட்டுக்கு எவனாவது சொந்தமாகப் பெயின்ட் அடிப்பானா? கோபாலகிருஷ்ணன் அடித்தார். பலாமரத்துக்குப் பாத்தி கட்டினார். என் பிள்ளைகள் அதில் ஏறுவார்களாம்.

சுரங்க வேலைக்கான எழுத்துத் தேர்வு கடலூரில் நடந்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அம்மா திருநீறு பூசி அனுப்பினாள். பஸ் வடலூரில் நின்றது. நான் இறங்கிவிட்டேன். ஹால் டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது. அந்தச் சுரங்கம், அந்த ஷிஃப்ட், அந்தத் தெரு, அந்த மரம் எல்லாம் எனக்கு முன்னாலேயே யாரோ நிரப்பிக் கொடுத்துவிட்டதாகத் தோன்றியது. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, கால் இறங்கிவிட்டது. சபையைச் சுற்றினேன். மதியம் தருமசாலையில் அன்னதானப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மாலை வீட்டுக்குப் போனேன்.

அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "கஷ்டமா கேட்டுட்டானாடே? விடு. தெரியாதத எப்படிடே எழுத முடியும்?" என்று தோளில் தட்டினார். கஷ்டமாக இருந்தது என்றேன். ரிசல்ட் வந்ததும் என்னைவிட அவர்தான் எனக்காக ஆபீஸ் ஆபீஸாகப் போய் விசாரித்தார். ஓய்வு பெற்று, அந்த வீட்டில் இருக்கக் கேட்டு வாங்கிய கூடுதல் மாதங்களும் முடிந்து, சாமான் லாரியில் ஏறிய அன்று, வரப்போகும் ஆளுக்கு மரத்துக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். பாளையங்கோட்டைக்கு வந்த எட்டாம் மாதம் போய்விட்டார். கடைசிவரை நான் தேர்வில் தோற்றவன் என்றே நினைத்திருந்தார்.

அந்த கேட்டைத் திறந்து நான் எப்படி உள்ளே போவேன்? உன்மேல் கோபம் இல்லை. இருந்தது, எழுதியதில் போய்விட்டது. ஆனால் அந்த வீட்டுக்கு நான் வர மாட்டேன்.

பாலகுமார்

*

நெய்வேலி,
21.5.2025

அன்புள்ள அருள் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உங்களுக்காகவும் அழுதேன், மாமாவுக்காகவும் அழுதேன், பன்னிரண்டு வருடமாக இதை என்னிடம் சொல்லவில்லையே என்று எனக்காகவும் அழுதேன். இப்போது முகம் கழுவிவிட்டு எழுதுகிறேன்.

உங்களைக் கேட்காமல் மூன்று கட்டத்தையும் நிரப்பியது என் தப்பு. மாமா செய்ததையேதான் நானும் செய்திருக்கிறேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், மனதாரத்தான்.

ஆனால் நீங்களும் அன்று செய்ததையேதான் செய்தீர்கள். கடலூர், சிதம்பரம் என்று எனக்கு எழுதினீர்களே, அப்போதும் வாய்விட்டுச் சொல்லாமல் நடு வழியில் இறங்கிக்கொண்டீர்கள். நான்தான் ஓய்வு நாளெல்லாம் ஊர் ஊராகப் பஸ்ஸில் அலைந்தேன்.

இன்னொன்று. வடலூரில் இறங்கியதைக் குற்றம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. உங்கள் வாழ்க்கையில் யாரும் சொல்லாமல் நீங்களாகவே இறங்கிய ஊர் அது ஒன்றுதான். அன்று இறங்காமல் இருந்திருந்தால் கண்ணாடிக் கடை இல்லை, என் மூக்குக்கு அளவெடுக்க வந்த அந்த ஆளும் இல்லை. இறங்கியதில் ஒரு தப்பும் இல்லை. மாமாவிடம் சொல்லாததுதான் தப்பு.

எங்கள் கன்ட்ரோல் ரூமைச் சுத்தம் செய்யும் மாரியம்மாள் அக்கா வடலூர்க்காரர். நான் யோசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, "இன்னாம்மா, கம்பெனி வூடு கெடச்சும் மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீற? எங்க ஊர்ல வந்து பாரேன், எங்க தெருவுலயே ரெண்டு வூடு காலியா கெடக்குது" என்றார். வடலூருக்குப் பஸ்ஸில் கால் மணி நேரம். என் வேலைக்கும் சரி, உங்கள் கடைக்கும் சரி, சுற்றிலும் அதைவிடத் தோதான ஊர் கிடையாது. ஆனால் இந்தத் தடவை நான் எந்த வீட்டையும் பார்க்கவில்லை, யாரிடமும் சொல்லி வைக்கவில்லை.

மே 31 சனிக்கிழமை எனக்கு முதல் ஷிஃப்ட். மூன்று மணிக்கு வடலூர் பஸ் நிலையத்தில் நிற்பேன். நீங்கள் வந்து இறங்கினால், மூலை வீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உங்களோடு சேர்ந்து வீடு பார்க்கிறேன். ஒரு வருடம் குவார்ட்டர்ஸ் கிடைக்காது, போகட்டும். நீங்கள் வராவிட்டால் திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவேன். அருளை நானே வந்து அழைத்துக்கொள்வேன். அவளும் நானும் மூலை வீட்டில் இருப்போம், நீங்கள் விருந்தாளியாக வந்து போகலாம். மிரட்டவில்லை. இனி ஒரு நாள்கூட அவளுக்கு நான் "உங்க வீடு" ஆக மாட்டேன், அவ்வளவுதான்.

இதற்கு போனில் பதில் வேண்டாம். சொல்ல வேண்டியதை வந்து சொல்லுங்கள்.

விஜி

*

வடலூர்,
28.5.2025

அன்புள்ள விஜிக்கு,

மேலே ஊர்ப் பெயரைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமையே அருளோடு வந்துவிட்டேன். லாட்ஜில் இருக்கிறோம். இரண்டு நாளாக போனில் பாளையங்கோட்டையில் இருப்பதுபோலவே பேசியதற்கு மன்னித்துக்கொள். சொல்லாமல் இறங்கும் பழக்கம் ஒரேயடியாகப் போகாது போலிருக்கிறது.

நேற்று மதியம் அருளைத் தருமசாலைக்கு அழைத்துப் போய், அதே மாதிரி பந்தியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, "பரீட்சைக்குப் போகாம இங்க வந்து சாப்பிட்டீங்களா? சாம்பார் நல்லாத்தான் இருக்கு" என்றாள். பன்னிரண்டு வருடம் உன்னிடம் சொல்லப் பயந்த விஷயம் அவளிடம் இவ்வளவு நேரத்தில் முடிந்துவிட்டது.

இன்று காலை, நீ ஷிஃப்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, பத்தொன்பதாம் பிளாக்குக்குப் போனேன். அருளுக்கு மரத்தைக் காட்டினேன். கேட்டில் சுரண்டிய இடத்தில் அந்தப் பச்சை இன்னும் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, "நான் பரீட்சை எழுதலப்பா" என்று சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். உள்ளே இருந்து மாடசாமி வந்தார். ரிப்பேருக்கு வந்த கான்ட்ராக்ட் ஆள் என்று நினைத்துவிட்டார். "பின்பக்கக் கதவுதான் இழுக்குது, அதப் பாத்துட்டுப் போங்க" என்றார். பார்த்தேன். அது அப்பா காலத்திலேயே இழுக்கிற கதவு. கொஞ்சம் தூக்கிச் சாத்தினால் போதும் என்று காட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு பலாக்காயோடு வந்தேன்.

இப்போது வேலை விஷயம். முதல் ஷிஃப்ட் பஸ் இங்கே ஐந்து பத்துக்கு வருகிறது, டிரைவரிடம் நானே கேட்டேன். மருந்துக் கடைக்குப் பக்கத்தில் ஒரு கடை காலியாக இருக்கிறது, சபைக்கு வருகிற வயதானவர்கள் அந்த வழியாகத்தான் போகிறார்கள். மாரியம்மாள் அக்கா தெருவையும் சேர்த்து மூன்று வீடு பார்த்தோம். எதையும் நான் முடிவு செய்யவில்லை. கூட இருக்கும் தாளில் மூன்று கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் அருள் ஒரு வீட்டு எண்ணை எழுதியிருக்கிறாள், ஒன்றில் நான். மேலே உள்ள முதல் கட்டம் காலியாக இருக்கிறது. அது உனக்கு.

நாளைக்கே உன் ஹாஸ்டல் வாசலில் போய் நிற்கலாம் என்று அருள் குதிக்கிறாள். அம்மா சனிக்கிழமை என்றால் சனிக்கிழமைதான் என்று சொல்லியிருக்கிறேன். மூன்று மணிக்கு நீ அங்கே நின்று எங்களைத் தேட வேண்டாம். இரண்டரைக்கே நாங்கள் வந்து உன் பஸ்ஸுக்காக நிற்போம்.

இதுதான் நான் எழுதும் கடைசிக் கடிதம். இனிமேல் வீட்டு விஷயத்தை நேரிலேயே சண்டை போட்டுப் பேசிக்கொள்ளலாம். உன் அண்ணன் இலைக்குப் பாயசம் வந்தது, நானே பார்த்தேன். அதிலிருந்து ஆரம்பிப்போம்.

உன்
பாலகுமார்