பத்து விநாடி உறுமல்

கோபக்கார டிரம்மருக்கு,

இரண்டு வருடமாக நீ என்னோடு பேசவில்லை. ஆனாலும் புதிதாக வந்த டெத் மெட்டல் ஆல்பங்களைப் பற்றி, பாடாமல் உறுமுகிற அந்தப் பாட்டுகளைப் பற்றி, இந்தச் செஞ்சிப் பக்கத்தில் உன்னை விட்டால் யாரிடம் சொல்வேன்?

ஸ்வீடன்காரர்களின் ஆல்பத்தில் கிட்டார் அபாரம். டிரம்மை மட்டும் கம்ப்யூட்டரில் தட்டியிருக்கிறார்கள், கேட்டால் நீ திட்டுவாய். பிரேசில் பெண்கள் மூவர் போட்ட ஆல்பம்தான் இந்த வருடத்தில் முதலிடம். நாலாவது பாட்டில் அந்தப் பாடகி அடிவயிற்றிலிருந்து உறுமியபோது, கடையில் ஆணி எடைபோட்டுக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. பாட்டை அணைத்துவிட்டேன்.

நம் குழுவின் சென்னை நிகழ்ச்சிக்கு நான் ஏன் வரவில்லை என்று கடைசியாகக் கேட்டாயே, அப்போது என் கழுத்தில் கட்டி இருந்தது. பயத்தில் உன்னிடம் மறைத்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடம் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. வாடிக்கையாளர்களுக்கு விலையைக்கூட எழுதித்தான் காட்டினேன்.

போன செவ்வாய்க்கிழமை குளிக்கும்போது சும்மா உறுமிப் பார்த்தேன். என் வீட்டுக்காரி வளர்மதி ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

"இன்னாங்க, மோட்டர்ல எதுனா மாட்டிக்கிச்சா?"

"மோட்டர் இல்ல, நான்தான்."

"உங்க கொரலா?" என்றவள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

பத்து விநாடிக்கு மேல் நிற்கவில்லை. மெல்ல மெல்லப் பழகச் சொல்கிறார் டாக்டர். பத்து விநாடிப் பாட்டுக்கும் டிரம் வேண்டும். உன் அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்கு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஓடுகிறது.

இன்னமும்
உன் பாடகன்