பெருநாள் விருந்தாளி

குத்தாஹியா,
பெருநாள் இரண்டாம் நாள், மாலை

என் கண்ணே பெரின்,

அக்கா முனெவ்வர் எழுதுகிறேன். நலம் விசாரிக்கக்கூட நிதானம் இல்லை. உன் வீட்டில் தொலைபேசி கிடையாது. நீ பாட்டுப் பதிவு செய்த இடத்துக்கு அடித்துப் பார்த்தேன், பெருநாள் விடுமுறை, யாரும் எடுக்கவில்லை. அதனால்தான் இதை இஸ்தான்புல் பேருந்தில் அனுப்புகிறேன்.

உன் பாட்டு ஊரையே ஆட்டுகிறது. ரொட்டிக் கடை, சலூன், எங்கே போனாலும் "காயம் ஆறிவிட்டது, உன் பேரும் மறந்துவிட்டது" என்று நீதான் பாடுகிறாய். அப்படிப் பாடும் அளவுக்கு நீ தேறிவர என்ன பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும். இன்று காலைவரை பெருமை தாங்கவில்லை.

காலையில் ஜெவாத் வந்தான். ஆமாம், நீ விவாகரத்து செய்த அவனேதான். அம்மாவின் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டான். பெருநாளில் வாசலுக்கு வந்தவனை யார் துரத்துவது? அவன் உன் விலா எலும்பை உடைத்தது அம்மாவுக்குத் தெரியாது. சொல்லக்கூடாதென்று நீதானே சத்தியம் வாங்கினாய். "வா மாப்ளே, இப்படி இளைச்சுப் போயிட்டியே" என்று என்னைக் காபி போடச் சொன்னாள்.

நான் அடுப்படியில் இருந்தபோது டிவியில் உன் பாட்டு வந்தது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பின்னாடி தெரியுதே பால்கனி, அது அவ வீடுதான்! மோடா படகுத்துறைக்கு எதிர்ச் சந்து, மூணாவது மாடி" என்று கொட்டிவிட்டாள்.

நான் தட்டோடு வந்தபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். "மறந்தவ எதுக்கு அக்கா என்னைப் பத்திப் பாடணும்? கூப்பிடறா, வேறென்ன" என்றான். "உன் மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்" என்றேன். அவனுக்குக் கோபமே வரவில்லை பெரின். அதுதான் எனக்குப் பயம்.

நாளைக் காலை இஸ்தான்புல் போகிறானாம். பயணம் நல்லபடி அமையட்டுமென்று அம்மா வழக்கம்போல அவன் பின்னால் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதைப் படித்ததும் எதையும் மூட்டை கட்டாமல் கிளம்பு. யாராவது தோழி வீட்டுக்குப் போ. எந்தத் தோழி என்று எனக்குக்கூட எழுதாதே, இங்கே அம்மா இருக்கிறாள். அவளிடம் எல்லாவற்றையும் இன்றே சொல்லிவிடப் போகிறேன், சத்தியத்தை மீறுவதற்கு மன்னித்துவிடு.

ஓட்டுநர் ருஷ்தூ நம் பழைய பக்கத்து வீட்டுக்காரர். விடிந்ததும் கடிதத்தோடு கீழே நின்று கூப்பிடுவார். அல்லாஹ் உன்னைக் காக்கட்டும். அவர் கையில் பதில் ஒரு வரி கொடுத்தனுப்பு. என்னைத் திட்டி எழுதினாலும் சரி. அது உன் கையெழுத்தாக இருந்தால் போதும்.

உன் அக்கா,
முனெவ்வர்