இருநூற்று நாற்பதில்தான் வைத்திருக்கிறேன்

தூசி சுடும் வாசனை வந்துவிட்டது. ஸ்விட்சைப் போட்டுக் கொஞ்ச நேரம் போனதும் உள்ளேயிருக்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் மெல்லச் சூடேறி, மேல்மூடி ஓட்டைகள் வழியாக ஒரு வாசனை வருமே, அதுதான். நசரத்பேட்டையில் இந்த மூன்றாவது மாடி வீட்டுக்கு அது புதுசு. உன் ஆம்பிளிஃபயர் இப்போது என் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் மேல் உட்கார்ந்திருக்கிறது. தூக்கிக்கொண்டு வந்த என் மகன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா இது, அம்மிக்கல்லு கணக்கா கீது" என்றான். அம்மிக்கல் பாடாது, இது பாடும் என்றேன்.

நீ போய் இன்னும் மாதம் திரும்பவில்லை. அதனால் அவனுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. "ஆன்ட்டி போயி ஒரு மாசம்கூட ஆவல. அதுக்குள்ள பாட்டு போட்டா கேக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?" இந்தக் கேள்வி எனக்குப் பழசு. உன் வீட்டு வாசலில் உன் பக்கத்தில் நின்று நிறைய வாய்களிலிருந்து கேட்டிருக்கிறேன். பதில் சொல்வது நீ, நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பேன்.

ஐயப்பன்தாங்கலில் ஒரே காம்பவுண்டுக்குள் எதிரெதிர் போர்ஷனில் இருந்தோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்தோம். சவுதியிலிருந்து வந்த உன் அண்ணன் தங்கச்சிக்கு என்று சொல்லி உன் கையில் கொடுத்த பெட்டி இது. உன் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், அதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் பாட்டுப் போட்டால் அடுத்த நிமிஷம் தூங்கிவிடுவார். அப்படி இருந்தும் ஸ்குரூ டிரைவர் அவர் கையில்தான் இருந்தது. பெட்டியின் முதுகில் ஒரு வட்டத் திருகு, அதைச் சுற்றி நூற்றுப் பத்து, நூற்று இருபத்தேழு, இருநூற்று இருபது, இருநூற்று நாற்பது என்று எண்கள். வீட்டுக்கு எத்தனை வோல்ட் வருகிறதோ அந்த எண்ணுக்கு நேராகத் திருகை வைக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

நம் தெருவில்தான் அது அவ்வளவு சுலபமாக இல்லை. தெருமுனையில் லேத்துப் பட்டறை. அவர்கள் மெஷினைப் போட்டதும் வீடு வீடாக ஃபேன் சோம்பிப்போகும், டியூப்லைட் எரியாமல் கண் சிமிட்டும். அதற்குத் தெரு கண்டுபிடித்த வைத்தியம், பெட்டி வைத்திருந்தவர்கள் எல்லாரும் திருகை இருநூற்று இருபதுக்கு இறக்கிவிடுவது. குறைவான கரெண்டையே போதும் என்று எடுத்துக்கொண்டு பெட்டி நன்றாகப் பாடும். அதோடு விட்டார்களா? ஸ்டெபிலைசர் என்று ஒரு முள் வைத்த இரும்புப் பெட்டி, அதன் குமிழையும் கையால் திருகி வோல்டேஜை ஏற்றிவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு லேத்து நின்றதும் கரெண்டு திடுதிப்பென்று ஏறும். அப்போது இரண்டையும் ஓடிப்போய் மாற்ற வேண்டும். யாராவது ஒருத்தர் காம்பவுண்டு நடுவில் நின்று, "லேத்து நின்னுச்சு, எறக்குங்கோ!" என்று கத்துவார்கள். சோற்றில் கை வைத்தவர்கள்கூட எழுந்து ஓடுவார்கள். அதை ஒரு பைத்தியக்காரத்தனம் என்று நம்மில் யாருக்குமே தோன்றவில்லை.

உன் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போன பிறகு, கம்பெனிக்கு லீவு நாளாகப் பார்த்து உன் கொழுந்தனார் ஆட்டோவோடு வந்து இறங்கினார். நான் உன் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவர் குரல்.

"அண்ணி, இது உனக்கு எதுக்கு? அண்ணன் ஞாபகமா எங்க ஊட்ல வச்சிக்கிறேன். வோல்டேஜ் ஏத்த எறக்க உனக்குத் தெரியுமா? ஒரு நாளு கொளுத்திட்டு நிக்கப்போற."

"இது எங்க அண்ணன் எனக்குக் குடுத்தது. உங்க அண்ணன் ஞாபகம் ஓணும்னா அவரு சட்டை கீது, எடுத்துக்கினு போ."

அத்தோடு நிறுத்தாமல், எனக்குத் தெரியுமா தெரியாதா என்று நீயே பார் என்று பாட்டைப் போட்டாய். தெரு வழக்கப்படி திருகு இருநூற்று இருபதில், ஸ்டெபிலைசர் குமிழ் மேலே. பெட்டி அருமையாகப் பாடியது. கொழுந்தனார் சுவரில் சாய்ந்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அந்த நேரம் பார்த்து லேத்து நின்றது. தலைக்குமேல் ஃபேன் வேகம் பிடித்தது. "எறக்குங்கோ!" என்ற குரல் கேட்டு நீ குமிழை நோக்கிப் பாய்வதற்குள் டப்பென்று ஒரு சத்தம், அதன் பிறகு ஒன்றுமில்லை.

"சொன்னேன்ல? போச்சு. இன்மே காயலாங்கடைக்குத்தான். நகரு, ஆட்டோல ஏத்தறேன்."

உன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். ஆனால் நீ நகரவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் முதுகுப்பக்கம் குனிந்து ஒரு சின்ன மூடியைத் திருகி, பென்சில் துண்டு மாதிரி ஒரு கண்ணாடிக் குழாயை வெளியே எடுத்தாய். உள்ளே கம்பி எரிந்து கறுப்பு. "பீஸுதான் போயிருக்கு" என்றாய். உடனே அவர் சிகரெட் பாக்கெட்டிலிருந்து வெள்ளித்தாளைக் கிழித்து நீட்டினார். "இத்தச் சுத்திப் போடு அண்ணி, ஓடும்." நம் பக்கத்தில் பாதி வீடு அன்றைக்கு அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நீ அந்தத் தாளை வாங்கவே இல்லை. "இது செத்ததாலதான் அது பொழச்சுது. இத்தச் சாவாம பண்ணிட்டா அப்பால எது சாவும், சொல்லு?"

அவர் இருக்கும்போதே பெட்டியை விட்டுவிட்டுக் கடைக்குப் போக உனக்குப் பயம். என் மாமியாரைக் கூப்பிட்டுப் பெட்டியை ஒட்டி உட்கார வைத்தாய். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு பொருளை எடுப்பதற்குக் கொழுந்தனார் என்ன, போலீஸே வந்தாலும் முடியாது. பூந்தமல்லி எலெக்ட்ரிகல் கடையில் அதே அளவு ஃபியூஸ் கேட்டாய். பெரியதாகப் போட்டால் அடிக்கடி போகாது என்றார் கடைக்காரர். போவட்டும், அதுக்குத்தான் அது கீது என்றாய்.

திரும்பும்போது பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாய். அழுகிறாயோ என்று நினைத்தேன். காட்டுப்பாக்கம் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "ஏத்தறதுக்கு ஒருத்தர் போதும்டி" என்றாய். திருகும் ஏற்றுகிறது, ஸ்டெபிலைசரும் ஏற்றுகிறது, நடுவில் கரெண்டும் தானாக ஏறினால் பெட்டி என்ன செய்யும் என்று நீ விளக்கியபோது, இத்தனை வருஷம் ஒரு தெருவே இதற்காகச் சோற்றை விட்டு ஓடியதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றே திருகை இருநூற்று நாற்பதில் வைத்தாய். அடுத்த போனஸில் தானாகவே ஏற்றி இறக்கும் ஸ்டெபிலைசர் ஒன்றை வாங்கினாய். அதன் பிறகு யார் வந்து கத்தினாலும் நீ எழுந்திருக்கவில்லை. லேத்து ஓடும் நேரத்தில் அதாலும் முழுசாக ஏற்ற முடியாமல் பாட்டுக் கொஞ்சம் சோர்ந்துதான் கேட்கும். "கம்மியா வந்தா கம்மியா பாடட்டும். எரியணும்னு அதுக்கு இன்னா தலையெழுத்தா?" என்பாய். பெட்டியைப் பற்றித்தான் சொன்னாய் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

நாம் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஆட்டோ போயிருந்தது, பேச்சு போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் வீட்டில் பாட்டுக் கேட்டதும் காம்பவுண்டின் சொந்தக்கார அம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு வந்துவிடுவார். "ஊட்டுக்காரரு போயி வருஷம் திரும்பல. பாட்டு இன்னாத்துக்கு?"

"அவரு இருந்தப்பவும் நான்தாங்க கேட்டேன். அவரு தூங்கிடுவாரு."

அந்த அம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு திரும்பிப் போவார். உனக்குத் துக்கம் இல்லை என்று சொன்னவர்கள் யாரும், அதே பாட்டுகளுக்கு நடுவில் நீ அவர் சட்டைகளை ஒவ்வொன்றாகத் துவைத்து மடித்ததைப் பார்த்தவர்கள் இல்லை. நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ என்னிடம் தெளிவாகப் பேசியது இதைப் பற்றித்தான். "உங்கிட்டயே இருக்கட்டும். துணி போட்டு மூடி வச்சிடாத." சரி என்றேன். இப்போது அதைச் செய்கிறேன், வேறொன்றும் இல்லை. காலையில் வோல்டேஜ் மீட்டரை வைத்துப் பார்த்தேன். இந்த அடுக்கு வீட்டுக்கென்றே தனியாக டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. இருநூற்று நாற்பதும் அதற்குமேல் கொஞ்சமும் வருகிறது. இருபதுக்கும் நாற்பதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே, இருபதில் வைத்தால் இன்னும் நன்றாகப் பாடுமே என்றான் மகன். கையை எடு என்றேன்.

அப்போது காலிங் பெல் அடித்தது. உன் கொழுந்தனார். தலை முழுக்க நரைத்துவிட்டது, மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்பு. தண்ணீர் குடித்துவிட்டு வந்த விஷயத்தைச் சொன்னார். "யக்கா, அண்ணியும் போயிடுச்சு. அந்தப் பொட்டி எங்க குடும்பத்துப் பொருளு. குடுத்துடேன்."

எத்தனை வருஷம் ஆகியும் அந்த வாய் மாறவில்லை பார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த ஆட்டோ நாளுக்குப் பிறகு உன்னிடம் கேட்கத் தைரியம் இல்லாதவர், நீ இல்லை என்றதும் படியேறி வருகிறார்.

"அவ எனக்குக் குடுத்தது. தரமாட்டேன். பாட்டு ஓணும்னா உக்காருங்க."

அவர் பதில் சொல்வதற்குள் போனிலிருந்து ஒயரைச் செருகி, உனக்குப் பிடித்த பாட்டைப் போட்டேன். அவருக்கு அது எதிர்பாராதது. வாசல் கதவு திறந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். எதிர் வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"துக்கம் யக்கா. சத்தத்தையாவது கொறை."

கை தானாகச் சத்தக் குமிழுக்குப் போனது. கூட்டினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மகன் ஏதோ சொன்னான், கேட்கவில்லை. கொழுந்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்தாமலே இறங்கிப் போனார். நானும் சாத்தவில்லை.

பாட்டு முடிந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன், சத்தமாகத்தான். கதவு இன்னும் திறந்தே இருந்தது. என் அழுகையைக் குறைக்கச் சொல்லி யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் குறைத்திருக்க மாட்டேன்.