பட்டி போட்ட மறுவருஷத்து எண்ணெய்

இறந்துபோனவளுக்குக் கடிதம் எழுதுவது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும். பொறுத்துக்கொள். உன் சித்தப்பா மகளாய்க் கூடவே வளர்ந்தும், நீ இருந்தபோதே பாதிப் பேச்சைத்தான் பேசினேன். இப்போது உன் மகளைப் பற்றி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

இன்று காலை உன் அப்பா செக்கிலிருந்து தூக்குப்போசியில் எண்ணெய் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் வாசல் வரைக்கும் எள் வாசம். மேற்குக் காட்டு எள். போன வருஷம் நீ தலைப்பிள்ளை உண்டாகி வந்திருந்தபோது, பிறக்கப்போகும் பிள்ளைக்கு அந்தக் காட்டு எண்ணெய்தான் தேய்க்க வேண்டும் என்று அடம் பிடித்தாயே, அதே காடு.

அப்போது நான் பரீட்சை எழுதிவிட்டுச் சென்னையிலிருந்து வந்திருந்தேன். எருவுக்காகக் காட்டில் ஆட்டுப்பட்டி போட்டிருந்தார்கள். ஓர் இரவு ஆடுகளை அடைத்தால், விடிந்ததும் அடைப்புப் படலைப் பெயர்த்து அடுத்த இடத்தில் நடுவார்கள். நீ பெயர்க்க விடவில்லை. அதே இடத்தில் இன்னோர் இரவு, அப்புறமும் ஒன்று. "எரு மிஞ்சினால் செடி தழைக்கும், காய் பிடிக்காது" என்று மெல்லச் சொன்னேன்.

"உங்க காலேசுல எள்ளுக்காடு இருந்துச்சா புள்ள?" என்றாய். பட்டிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

ஆனியில் நல்ல மழை. செடி உன் தோளுயரம் வளர்ந்தது. நடுவே நீ வயிற்றைத் தாங்கிக்கொண்டு மகாராணி மாதிரி நடந்தாய். செக்கில்தான் விஷயம் தெரிந்தது.

"எள்ளு பாக்க நல்லாத்தானுங்க இருக்குது. எண்ணெயத்தான் காணமுங்க" என்றார் செக்குக்காரர். வந்த கொஞ்சத்திலும் வாசமில்லை.

"ஏஞ்சாமி, பட்டி போட்டியா, எள்ளுக்கு விருந்து வெச்சியா?" என்றார் உன் அப்பா. நீ சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டாய். "அடுத்த வருசம் பாரு புள்ள."

ஐப்பசியில் மகளைப் பெற்றுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய்.

இந்த வருஷம் அங்கே யாருக்கும் பட்டி போட மனம் வரவில்லை. மழையும் குறைவு. நீ போட்ட எரு மக்கி மண்ணோடு கலந்திருந்தது. செடி முழங்கால் உயரம்தான். ஆனால் கணுவுக்குக் கணு காய். எருவின் வேகம் அடங்கினால்தான் விதையில் எண்ணெய் கூடும் என்று படித்திருக்கிறேன். படித்தது கண்ணெதிரே நடந்தும் எனக்குச் சந்தோஷமில்லை. முகர்ந்து பார்க்க நீ இருந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைதோறும் உன் மகளுக்கு நான்தான் எண்ணெய் தேய்க்கிறேன். உன் அம்மாவுக்கு அவளைத் தொட்டாலே கண் நிறைந்துவிடுகிறது. உன் வீட்டுக்காரர் எப்போதாவது வந்து எட்டி நின்று பார்த்துவிட்டுப் போகிறார். இப்போதுதான் நிற்கப் பழகியிருக்கிறாள். இன்று கால்களை நீட்டி, அவளை மேலே போட்டுத் தேய்த்தேன். வழுக்கி வழுக்கிச் சிரித்தாள். மூச்சு வாங்கும் அந்தச் சிரிப்பு உன்னுடையது.

கேட்க வந்ததை இவ்வளவு நேரம் தள்ளிவைத்துவிட்டேன். அவள் என்னை அம்மா என்கிறாள். ஒவ்வொரு முறையும் "சித்தின்னு சொல்லு சாமி" என்று திருத்திக்கொண்டிருந்தேன். உன் இடத்தில் உட்காருகிறேனோ என்று கூச்சம். இன்று திருத்த வாய் வரவில்லை.

இனிமேல் திருத்தாமல் இருக்கட்டுமா?