ஜன்னல் சீட்டுக்காரி

ஐப்பசி 11, புதன்

விடியற்காலையிலிருந்து மழை. தகரக் கூரையில் ஒரே சத்தம். அவர் போய் இன்றைக்கு ஒன்பதாம் நாள்.

இரும்புக் கடையில் வருஷா வருஷம் அவருக்குக் கொடுக்கிற டைரி இது. ஒரு எழுத்துகூட அவர் எழுதியதில்லை. நானும் ஐந்தாவதோடு நின்றவள். யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். தேதி காலண்டரைப் பார்த்துப் போட்டது.

இன்றைய வேலை: அவர் சட்டை மூன்று துவைக்க. தண்ணீர் லாரி வந்தால் இரண்டு குடம். சமையல் வேண்டாம், பக்கத்து வீட்டுக் கன்னிம்மா அக்கா கொடுத்த ரசம் இருக்கிறது.

சட்டையை ஊறவைத்தேன். தண்ணீர் செங்கல் நிறம். இரும்புத் துரு. மாற்றி மாற்றி மூன்று தண்ணீர். நாலாவதைக் கொட்ட மனசு வரவில்லை. வாளி அப்படியே மூலையில்.

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிற வேலை அவருக்கு. போன வாரம் செவ்வாய்க்கிழமை கிரேன் தூக்கின தகடுக் கட்டு. ரோப் அறுந்தது. கீழே அவர். அவ்வளவுதான் சொன்னார்கள். நான் போவதற்குள் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரம் மட்டும்.

தலையணை உறையிலும் துரு. அதைத் துவைக்க மாட்டேன்.

ஐப்பசி 12, வியாழன்

மழை விட்டது. எண்ணூர் பக்கத்துப் புகை வாடை மறுபடியும். துணி உள்ளேயே காய்கிறது, காயவும் இல்லை.

காலையில் சேகர் வந்தான். அவர் தம்பி. காசிமேட்டில் விசைப்படகில் போகிறவன், அண்ணனுக்காகக் கடலுக்குப் போகாமல் இருக்கிறான். பதினாறாம் நாள் படையலுக்கு என்னென்ன என்று கேட்டான். அவருக்குப் பிடித்ததெல்லாம் போட்டோ முன்னால் வைக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான்.

வாளைக் கருவாட்டுக் குழம்பு
இட்லி, வடகறி
பீடி ஒரு கட்டு, தீப்பெட்டி
குவார்ட்டர் 1
மசாலாப் பொரி

"அவ்ளோதானா அண்ணி?"

"அந்தப் படம்."

"எந்தப் படம்?"

"பஸ் படம். போட்டோக்கு எதிர்க்க டிவில போடணும். முழுசா."

பேனாவை மூடிவிட்டான். "சாவு வூட்ல சிரிப்புப் படமா? ஊரு காறித் துப்பும் அண்ணி. கானா வெக்கலாம், ஆளு கீறாங்க, நான் சொல்றேன்."

"உன் அண்ணனுக்குக் கானா புடிக்காது."

"அவுருக்கா வெக்கிறோம்? வர்றவங்களுக்கு."

"அப்ப படையலு யாருக்குடா?"

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். எழுதின சீட்டை இங்கேயே விட்டுவிட்டான்.

மத்தியானம் ஒரு வாய் சாதம்.

ஐப்பசி 13, வெள்ளி

தூறல். தண்ணீர் லாரி வரவில்லை.

அந்தப் படத்தை எழுதி வைக்கிறேன். மறந்துபோகும் என்று பயம்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் பம்பாய்த் துறைமுகத்தில் மூன்று வருஷம் மூட்டை தூக்கினார். அங்கே தியேட்டரில் பார்த்த இந்திப் படம். மொத்தம் பதினொரு பேர், அதில் மூன்று பேர் தூக்கம் என்பார். நாலாம் நாள் படத்தைத் தூக்கிவிட்டார்களாம். யாரும் சீந்தாத படத்தை இவர் மட்டும் மனசில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தார். பிறகு பர்மா பஜாரில் தேடி சிடி வாங்கினார்.

இப்போது எல்லார் போனிலும் அந்தப் படம். மார்க்கெட்டில் வேலை செய்கிற பீகார் ஆட்களுக்கு வசனம் எல்லாம் மனப்பாடம். சோறு சாப்பிடும்போதுகூட அதைச் சொல்லிச் சிரிப்பார்களாம். தியேட்டரில் பார்த்த ஆள் என்பதால் இவருக்கு உஸ்தாத், அதாவது வாத்தியார், என்று பேர் வைத்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "நான் அப்பவே சொன்னேன்ல, எவனாவது கேட்டானா?" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் இரண்டு சுற்று நடந்தார்.

கதை இதுதான். இரண்டு பிராடுகள். பஸ்ஸின் இஞ்சினைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டு, அந்த பஸ்ஸையே கல்யாண கோஷ்டிக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பொம்பளைகள் உள்ளே. ஆம்பளைகள் பின்னால் தள்ளுகிறார்கள். படம் முழுக்கத் தள்ளுகிறார்கள். "அந்த இஞ்சினு நம்ம மார்க்கெட்ல தான் கீது, நான்தான் எறக்குனேன்" என்பார்.

எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து படத்தில் வருகிற எல்லாருக்கும் அவரே தமிழில் பேசுவார். மாப்பிள்ளைக்கு மூக்கால். பிராடுகளுக்குக் கட்டைக் குரல். ஜன்னல் சீட்டில் பச்சைப் புடவையில் ஒரு குண்டுப் பொம்பளை. அவளுக்குத்தான் வசனம் அதிகம். அவள் பேசுவதெல்லாம் நான் பேசுகிற மாதிரியே இருக்கும். பின்னால் பனியனோடு தள்ளுகிற ஒல்லி ஆள் அவள் புருஷன்.

டிக்கெட் கேட்டு வந்தால்: "நீ எறங்கித் தள்ளு, நான் கிழிக்கிறேன் டிக்கெட்டு."

எவனாவது பக்கத்தில் நின்றால்: "நவுருடா கய்தே, காத்து வரல." அதற்கு அவன், "வண்டியே நின்னுகினு கீது, காத்து எங்கேந்துமே வரும்?"

பிள்ளைங்க எத்தனை என்று ஒருத்தி கேட்பாள். "ஏழு. எட்டாவது தோ பின்னாடி தள்ளிகினு கீது."

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த இடம் வரும்போது மட்டும் அவர் என் பக்கம் திரும்ப மாட்டார்.

கடைசிப் பத்து நிமிஷம் நான் பார்த்ததே இல்லை. பஸ் ஒரு மேட்டில் ஏறி நிற்கும். சிடியில் பார்த்தபோது, "கீறிக்கிச்சுமே, இதுக்கு மேல ஓடாது" என்பார். போன் வந்த பிறகு, "நெட்டு தீந்துச்சி." அதே இடம். கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாங்களா என்று கேட்டால், "போவாம? பிரியாணியே துன்னாங்க."

போவதற்கு முந்தின ஞாயிறு, போனைச் சுவரில் சாய்த்து வைத்தார். நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். "நிறுத்துய்யா, நூறு வாட்டி பாத்தாச்சு" என்றேன். நிறுத்திவிட்டார். வெளியே போய் பீடி பிடித்தார்.

அதற்குத்தான் படையலில் கேட்கிறேன். சேகரிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஐப்பசி 15, ஞாயிறு

வெயில். மூட்டைப் பூச்சிக்குப் பாயை வெளியே போட்டேன்.

பத்து மணிக்கு ரகு வந்தான். பீகார்க்காரன், அவரோடு ஒரே கிரேனில் வேலை. வாழைப்பழம் வாங்கி வந்திருந்தான். கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. என்னை பாபி என்பான், அவர்கள் பாஷையில் அண்ணி.

"அன்னிக்கி நான் அந்த பக்கம் பாபி. உஸ்தாத் இந்த பக்கம். அவ்ளோதான்." அதை மூன்று தடவை சொன்னான்.

டீ போட்டுக் கொடுத்தேன். படம் உன் போனில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது. போடச் சொன்னேன். சுவரில் சாய்த்து வைத்தோம், அவர் வைக்கிற இடத்தில்.

ரகுவுக்குத் தமிழ் மார்க்கெட்டில் கற்றது. மரியாதையெல்லாம் வராது. அவரையும் அவன் இவன் என்பான், அவர் சிரிப்பார்.

டிக்கெட் இடம் வந்தது. "அவ இன்னா சொல்றா?" என்று கேட்டேன்.

"யாரு பாபி?"

"பச்சைப் புடவை."

"அது ஒண்ணும் சொல்லல."

"வாய் அசையுதே."

"பான் பாபி. வெத்தில. அது சும்மா மெல்லுது."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன். மறுபடியும் இல்லை. ஏழு பிள்ளைகள் இடம். அங்கேயும் இல்லை. பக்கத்தில் ஒருத்தி பேசுகிறாள், இவள் மெல்லுகிறாள். படம் முழுக்க அவளுக்கு ஒரு வசனம்கூட இல்லையாம். கூட்டத்துக்கு உட்கார வைத்த ஆளாம். ஒல்லி ஆள் அவள் புருஷனும் இல்லை. கல்யாண கோஷ்டியின் சமையல்காரன்.

கல்யாணமான இந்தப் பத்தொன்பது வருஷமும், வெற்றிலை மெல்லுகிற வாய்க்கு அவர் பேசியிருக்கிறார்.

"உங்க ஆளுங்களுக்குத் தெரியுமா, அவரு இப்படிப் பேசுறது?"

"தெரியும். மத்தியானம் சோறு நேரம் எங்களுக்கு பேசிக் காட்டுவான். நாங்க விழுந்து சிரிப்போம். அது எங்க படத்துல இல்ல பாபி. உஸ்தாத் படத்துல கீது."

மேடு வந்தது. பஸ் ஏறுகிறது. நெட் தீரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தீரவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது.

"நிறுத்து" என்றேன். "மீதி பதினாறாம் நாளு."

ரகு என்னைப் பார்த்தான். "கடைசி உஸ்தாத் சொல்லலியா?"

"பிரியாணி துன்னாங்கன்னு சொன்னாரு."

அவன் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். டீ பாதி அப்படியே இருந்தது.

ஐப்பசி 17, செவ்வாய்

வானம் மூட்டம். காலையில் கருவாடு வாங்கியாச்சு. கன்னிம்மா அக்கா தேங்காய் உரித்துக் கொடுத்தாள். அக்கா வீட்டில் சிடி போடுகிற பெட்டி இன்னும் ஓடுகிறது. கேட்டு வைத்தேன்.

சேகர் வாடகைப் பாத்திரம் இறக்க வந்தான். என்னோடு பேச்சு இல்லை. பெரிய அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே வருகிறான். அடுத்த வீட்டுப் பையன்கள் வாசலை அடைத்துக்கொண்டு வேடிக்கை.

"நவுருடா கய்தே, காத்து வரல."

சொல்லிவிட்டு அப்படியே நின்றான். அண்டா தலையில். கண்ணில் நீர். நான் போய்ப் பிடித்து இறக்கினேன்.

கீழே உட்கார்ந்து மூக்கைச் சிந்தினான். "சின்ன வயசுல அந்த குண்டம்மா பேசறப்பல்லாம் உன்னைத்தான் அண்ணி பாத்துகினு இருப்பேன்."

அவள் பேசுவதே இல்லை என்று சொல்லவில்லை. இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்.

"அண்ணன் சிடியா, பென்டிரைவா?" என்று கேட்டான்.

"சிடி."

"அது கீறிகினு கீதே."

"கீறினா கீறட்டும். அதான் வேணும்."

ஐப்பசி 18, புதன்

பதினாறாம் நாள். காலையில் கடற்கரையில் காரியம். தாலி எடுத்தார்கள். மத்தியானம் படையல். பிறகு படம்.

எழுத முடியவில்லை.

ஐப்பசி 19, வியாழன்

மழை இல்லை. வாளித் தண்ணீரைக் கொட்டினேன். அடியில் துரு வண்டல், விரலால் துடைத்தேன்.

நேற்று மூன்று மணிக்குப் போட்டோம். போட்டோவை டிவிக்கு எதிரே சேகர் திருப்பி வைத்தான். பீகார் ஆட்கள் ஆறு பேர், குளித்து எண்ணெய் தடவி வந்திருந்தார்கள். சுவரோரம் வரிசையாகத் தரையில். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் சாப்பிட்டதும் எழுந்து போய்விட்டார்கள். போகும்போது மாமியாரின் தங்கை சத்தமாகவே, "புருசன் போயி பதினாறு நாளு ஆவல, சினிமா கேக்குது." கன்னிம்மா அக்கா, "நீ போயி தாம்பூலம் வாங்கிக்கோமே" என்று வழி விட்டாள்.

ஆரம்பத்தில் யாரும் சிரிக்கவில்லை. பீகார் ஆட்கள் என் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். பஸ்ஸில் இந்தி கத்திக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜன்னல் சீட்டுக்காரி வந்தாள். வாய் அசைந்தது.

கன்னிம்மா அக்கா, "அது இன்னா சொல்லுது?" என்றாள். சும்மா கேட்டாளோ, தெரிந்து கேட்டாளோ.

ரகு தரையைப் பார்த்தான்.

"நீ எறங்கித் தள்ளு, நான் கிழிக்கிறேன் டிக்கெட்டு" என்றேன்.

ரகுதான் முதலில் சிரித்தான். அப்புறம் சேகர். அப்புறம் எல்லாரும். அதற்குப் பிறகு டிவி பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் பேசினேன். மாப்பிள்ளைக்கு மூக்கால். பிராடுகளுக்குக் கட்டைக் குரல் வரவில்லை, அதைச் சேகர் எடுத்துக்கொண்டான். ஏழு பிள்ளை இடத்தில் நான் யார் பக்கமும் திரும்பவில்லை.

மேடு வந்தது.

சிடி நிற்கவில்லை. ஒரு கீறலும் இல்லை. வழவழவென்று ஓடியது. சேகர் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

மேட்டின் உச்சியில் பாரம் குறைய எல்லாப் பொம்பளைகளையும் இறக்கிவிடுகிறார்கள். எல்லாருமாகத் தள்ளுகிறார்கள். பஸ் அந்தப் பக்கச் சரிவில் தானாக ஓட ஆரம்பிக்கிறது. படத்தில் முதல் தடவையாகத் தானாக ஓடுகிறது. ஒரே கூச்சல். மாப்பிள்ளை ஓடிப்போய் ஏறுகிறான். பிராடுகள் ஏறுகிறார்கள். பொம்பளைகளைக் கையைப் பிடித்துத் தூக்கிப் போடுகிறார்கள். பனியன்காரன் பின்னால் ஏணியில் தொத்திக்கொண்டான். சமையல்காரன் என்று ரகு சொன்னான். எனக்கு அவன் அவள் புருஷன்தான்.

பச்சைப் புடவையால் ஓட முடியவில்லை. நாலு எட்டு வைத்தாள். நின்றுவிட்டாள்.

அதுதான் படத்திலேயே பெரிய சிரிப்பாம். பீகார் ஆட்கள் பழக்கத்தில் சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்தினார்கள். பஸ் சின்னதாகிக்கொண்டே போகிறது. பாட்டு, கைதட்டல், எல்லாம் பஸ்ஸோடு போகிறது. அவள் கையிலிருந்த தகரப் பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். வெற்றிலையைத் துப்பினாள். ரோடு காலி. படம் அங்கே முடிகிறது.

பதினொரு பேர் இருந்த தியேட்டரில் இதைப் பார்த்துவிட்டு வந்துதான் அவர் என்னிடம் பிரியாணி துன்னாங்க என்றார்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க. போட்டோவில் அவரும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெற்றிலை துப்பியாச்சு. அவள் வாய் அசையவில்லை.