அது திருட்டு வண்டி இல்லை

என் ராசா, என் வயிற்றில் முதலில் பிறந்தவனே,

அம்மா எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்ற கையெழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். நீ படித்துக்கொள்வாய். ஆடியில் போனாய், இப்போது பங்குனி. எட்டு மாசம்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். செவலை கன்று போட்டது, கிடேரி. உன் மகள் பாப்பா ஆறாவது போகப்போகிறாள். நீ ஓட்டின அறுவடை மெஷினை இப்போது வேறு ஒருத்தன் ஓட்டுகிறான். தை அறுப்புக்கு நம் கழனிக்கும் அவன்தான் வந்தான். மூலையில் திருப்பும்போது ஒரு ஓரத்தை அறுக்காமலே விட்டுவிட்டுப் போகிறான். வரப்பில் நின்று பார்த்தேன்.

எனக்கு எதுவும் சொல்லத் தோன்றுவதில்லை. அழுகையும் வரவில்லை. பெற்றவள் ஒரு சொட்டுக்கூட விடவில்லை என்று தெருவில் பேசுகிறார்கள், என் காதில் விழுகிறது. சோறு போட்டால் தின்கிறேன். தட்டை எடுத்தால் எழுந்துகொள்கிறேன். அவ்வளவுதான் நான் இப்போது.

இதை எழுதச் சொன்னது பசங்க கோர்ட்டிலிருந்து வருகிற மேடம். சின்னப் பொண்ணுதான். தப்புப் பண்ணின பிள்ளைகளின் வீடு எப்படி, தெரு எப்படி என்று விசாரித்து எழுதிக் கோர்ட்டில் கொடுப்பது அதன் வேலை. அந்த மாதிரிப் பிள்ளைகளுக்காக ஒரு சங்கம் இருக்கிறதாம். அவர்கள் போடுகிற சின்னப் புத்தகத்தில் என் கடிதத்தையும் போடுவார்களாம். ஒரு கண்டிஷன் மட்டும். பதினெட்டு ஆகாதவன் பேரை எழுதக்கூடாது, ஊர் பேரும் நம் பேரும்கூட வேண்டாம் என்றது. நம் ஊரில் ஆடு மாட்டுக்குக்கூட அவன் பேர் தெரியும். சரி, எழுதவில்லை. உத்திரமேரூர் என்று எழுதலாமாம், அது பெரிய ஊர்.

உன்னை இடித்த அந்தப் பையனுக்கு வருகிற வியாழக்கிழமை கோர்ட்டு. அவனைச் சர்க்கார் இல்லத்தில் வருஷக்கணக்கில் அடைத்து வைப்பதா, இல்லை நம் தெருவுக்கே திருப்பி அனுப்பி, சனி ஞாயிறில் ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாமல் வேலை செய்யவைத்து, மற்ற நாளில் சங்கத்து வகுப்பில் படிக்கவைப்பதா என்று முடிவு பண்ணுவார்கள். இப்போதைக்கு அவன் மாமன் ஊரில் இருக்கிறான். நம் தெரு சேர்த்துக்கொள்ளவில்லை. என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்லப்போவதை அவர்களுக்கு முன்னால் உனக்குச் சொல்லிவிட வேண்டும். அதில் உன் பேரும் வருகிறது, ராசா.

அன்றைக்கு நடந்ததில் உனக்குத் தெரிந்தது கடைசிக் கொஞ்சம்தான். அதற்கு முன்னால் நடந்ததைக் கேள்.

அம்மனுக்குக் கூழ் ஊற்றினது உன் சித்தி வீடு. அவளோடு எனக்குப் பேச்சில்லை என்பது ஊருக்கே தெரியும். உங்கப்பா கருமாதி அன்றைக்கு அவள், பங்காளி வீட்டு மருமகளாக இருந்துகொண்டு, தன் தங்கச்சி மகள் வளைகாப்புக்குப் போனாள். பச்சைப் பட்டு, அரக்கு பார்டர். ஒன்பது வருஷம் ஆகிறது. ஆனால் அம்மனோடு எனக்கு என்ன சண்டை? சொம்பை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன்.

பாதிக் கூட்டத்துக்கு வெங்காயம் தீர்ந்துபோனது. உன் சித்தப்பா சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அந்தப் பையன் கையில் போட்டதை நான் இந்த ரெண்டு கண்ணாலும் பார்த்தேன்.

“டேய், உத்திரமேரூர் போயி அஞ்சு கிலோ சின்ன வெங்காயம் வாங்கிக்கினு வா. ஜனம் நின்னுக்கினு கீது. பறந்து வரணும், இன்னா?”

“சரி தாத்தா,” என்றான். பறந்துதான் வந்தான். ஏரிக்கரை வளைவில் நீ புல்லுக்கட்டு வைத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாய்.

நான் வந்து சேர்ந்தபோது ரோடு முழுக்க வெங்காயம். அவன் ஓடவில்லை. உன் பக்கத்தில் முட்டி போட்டுக்கொண்டு “அண்ணா, அண்ணா” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். போலீஸ் வருவதற்குள் அந்த வெங்காயத்தை யாரோ ஒன்று விடாமல் பொறுக்கிவிட்டார்கள். குப்பையில் கொட்டினார்களா, கூழுக்குக் கடித்துக்கொண்டார்களா, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத ஒன்றிரண்டில் அதுவும் ஒன்று.

இடித்தது யார் என்று நீ பார்த்தாயா? உனக்கு அவன் முகம் தெரிந்ததா? இதை நான் யாரிடம் கேட்பது?

பதினெட்டு ஆகாதவனுக்கு வண்டி கொடுத்தால் கொடுத்தவன் உள்ளே போக வேண்டும். அது உன் சித்தப்பாவுக்குத் தெரியும். “சாவியை வண்டியிலயே வுட்டுட்டேன் சார். பொறுக்கிப் பையன், கேக்காம எடுத்துக்கினு பூட்டான்,” என்றார். இடித்த கேஸோடு திருட்டுக் கேஸும் சேர்ந்தது. யார் பார்த்தீர்கள் என்று போலீஸ்காரர் கேட்டார். தெரு மொத்தமும் என்னைக் கை காட்டியது. “அந்தம்மாவைக் கேளுங்க சார், அது எதையும் மறக்காது.”

“ஆமாங்க, திருட்டு வண்டிதான்,” என்றேன் நான்.

ஒன்பது வருஷமாக முகம் பார்க்காதவள் வீட்டுப் பொய்க்கு நான் சாட்சி சொன்னேன். அந்த நேரத்தில் எனக்கு அவள் தெரியவில்லை, அவன்தான் தெரிந்தான். எத்தனை கேஸ் சேர்ந்தாலும் சேரட்டும் என்று இருந்தது.

இப்போது உன் பேருக்கு வருகிறேன். அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது நீ. அதற்கு முந்தின வருஷம் சித்திரையில் ஏரி காய்ந்து கிடந்தபோது, நம் வண்டியில். “இம்மாம் சின்னப் புள்ளைக்கு இன்னாத்துக்குடா?” என்று கேட்டேன். “காலு எட்டுதும்மா. அப்பன் இல்லாத புள்ள, வண்டி தெரிஞ்சா டிரைவராவாவது பொழைச்சுக்குவான்,” என்றாய். நான் சிரித்தேன். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

அவன் அம்மா விடிவதற்குள் கம்பெனி வேனில் ஏறினால், இருட்டின பிறகுதான் இறங்குவாள். அவன் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான். கூப்பிட்ட குரலுக்கு வருவான். ரெண்டு இட்லி, ஒரு டீ போதும். மாத்திரை வாங்க, சிலிண்டர் எடுத்துவர, கிழவிகளைப் பேங்குக்குக் கூட்டிப்போக, எல்லாவற்றுக்கும் அவன்தான். யார் வீட்டு வேலையோ அவர்கள் வீட்டு வண்டி. ஒருத்தராவது அவனைப் பள்ளிக்கூடம் ஏன் போகவில்லை என்று கேட்டோமா? போய்விட்டால் நம் வேலைக்கு யார் வருவார்கள்?

நானே அவன் பின்னால் உட்கார்ந்து உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன். நாலு தடவை. “ஆயா, தோளைப் புடிச்சுக்கோ, பள்ளம் வருது,” என்பான். மெதுவாகத்தான் ஓட்டுவான். நான் பறந்து வா என்று சொன்னதில்லை, அதனால் பறக்கவில்லை.

முதல் தடவை அந்தக் கோர்ட்டுப் பொண்ணு விசாரிக்க வந்தபோது தெருவில் யாருக்கும் அவனைத் தெரியாது. “ஊர் சுத்துற புள்ளம்மா, எங்க வூட்டாண்டல்லாம் வரமாட்டான்,” என்று வரிசையாகச் சொன்னார்கள். எழுதிக்கொண்டு போனது. போன வாரம் மறுபடி வந்து, என் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தது.

“ஆயா, எனக்கு ஒண்ணு புரியலை. அந்தப் பையனை மூணு தடவை கேட்டுட்டேன். நான்தான் வண்டியைத் திருடினேங்கிறான். எங்கிருந்து எடுத்தேன்னு கேட்டா, ஒரு நாள் கோயிலாண்டங்கிறான், ஒரு நாள் வீட்டாண்டங்கிறான்.”

“சாவி?”

“அது தெரியலைங்கிறான். யாராவது குடுத்தாங்களான்னு கேட்டா தலையைக் குனிஞ்சுக்கிறான். அண்ணனையே கொன்னுட்டேன், இது இன்னா பெருசுங்கிறான்.”

எட்டு மாசமாக எனக்குள் எதுவும் அசையவில்லை. அப்போது கோபம் வந்தது. எனக்கு நிறைய பேர் மேல் கோபம் உண்டு, உனக்குத் தெரியும். எதற்கு, எந்த நாள், பக்கத்தில் யார் நின்றார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்வேன். செய்யாததற்காக ஒருத்தர்மேல் கோபம் வைத்தவள் இல்லை நான். அவன் உன்னை இடித்தான். அது அவன் செய்தது. வண்டியைத் திருடவில்லை. இந்தப் பயல் ரெண்டையும் கலக்கித் தலையில் ஊற்றிக்கொண்டால், அவனை எதற்கு வெறுக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் போய்விடும்.

“எழுதிக்கோம்மா,” என்றேன். “அது திருட்டு வண்டி இல்லை.”

“போலீஸ்ல வேற மாதிரி சொல்லியிருக்கீங்களே ஆயா.”

“பொய் சொன்னேன்.”

“ஏன்?”

“எம்புள்ள செத்துட்டான்.”

அந்தப் பொண்ணு நோட்டில் புதுப் பக்கம் திருப்பியது. அப்புறம் எழுதிக்கொண்டது.

மறுநாளே உன் சித்தி நம் தோட்டத்துப் பக்கம் வந்தாள். நான் குடத்தைத் துலக்கிக்கொண்டிருந்தேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

“இன்னாக்கா, புள்ளையை அடிச்சுப் போட்டவனுக்கே வக்கீலா பூட்ட போல கீது.”

“வக்கீல் இல்லடி. சாட்சி.”

“எங்க வூட்டுக்காரரு உள்ள போவணும், அதானே உனக்கு? அந்த வளைகாப்புப் பொடவையை நீ இன்னும் மறக்கலை.”

“அரக்கு பார்டரு.”

“பாத்தியா? இதைத்தான் கோர்ட்டுல சொல்லப்போறேன். பகை வெச்சுக்கினு பேசுது கெழவின்னு. உன்னை எவன் நம்புறான்னு பாக்கறேன்.”

அவள் போன பிறகும் குடத்தைத் துலக்கிக்கொண்டே இருந்தேன். அவள் சொன்னது சரி. அவளையும் சித்தப்பாவையும் மட்டும் சொன்னால் அது பகைதான். என்னையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நடந்தது. என்னைச் சொன்னால், நான் அவன் பின்னால் ஏறிப் போனது யார் வண்டி, அவனுக்கு யார் பழக்கிவிட்டது என்று கேட்பார்கள். அப்போது உன்னைச் சொல்லாமல் எப்படி விடுவேன்?

உன் பொண்டாட்டி நாலு நாளாக என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டைத் தள்ளுகிறாள். நேற்று அவளாகவே வந்தாள். “அத்த, அவன் உள்ள இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்,” என்றாள். எனக்கும் அப்படித்தான் என்றேன். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “பாப்பாவை டெய்லி ஸ்கூல்ல வுட்டது அவன்தான்னு மட்டும் சொல்லிடாதீங்க அத்த,” என்றாள். சரி என்று நான் சொல்லவில்லை. அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நீ என்ன சொல்வாய் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. உன் குரல் எப்படி இருக்கும் என்பது ஞாபகம் இருக்கிறது, அது என்ன சொல்லும் என்பதுதான் வரமாட்டேன் என்கிறது. நல்லது நினைத்துத்தானே கற்றுக்கொடுத்தாய். அதையும் சொல்வேன். செத்தவனைப் பேசலாமா என்று ஊர் கேட்கும். ஆனால் செத்துவிட்டான் என்று உன்னை விட்டால், பெற்றவள் என்று என்னை விடுவார்கள். வயசானவர் என்று சித்தப்பாவை விடுவார்கள். கடைசியில் அவன் ஒருத்தன்தான் நிற்பான். எட்டு மாசமாக அப்படித்தான் நிற்கிறான்.

அவனை மன்னித்துவிட்டீர்களா என்று அந்தப் பொண்ணு வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து கேட்டது. இல்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டது. நல்ல பொண்ணு. மன்னிக்கத்தான் வேண்டும் என்று பாடம் எடுக்கவில்லை.

அவன் திரும்பி வந்தால் மூணாவது வீடு. கதவைத் திறந்தால் அவன் முகம்தான். அதை நான் எப்படிப் பார்ப்பேன், தெரியவில்லை. பார்த்துப் பழகவேண்டும். இல்லை, பழகாமலே பார்க்கவேண்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், ராசா. வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் போவேன். எல்லார் பேரையும் சொல்வேன். அவனைத் திருப்பி அனுப்பினால், சங்கத்து வகுப்புக்குப் போகிறானா, ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறானா என்று நான் பார்ப்பேன். போகாத அன்றைக்கே அந்தப் பொண்ணுக்குப் போன் போடுவேன். அவனுக்குப் பதினெட்டு முடிகிறவரைக்கும் இந்தத் தெருவில் எவராவது “டேய், இங்க வா, இதை வாங்கிக்கினு வா” என்று அவனை வண்டியில் ஏற்றினால், நடுத்தெருவில் நின்று அவர்கள் பேரைச் சொல்லிக் கேட்பேன். அவனோடு ஒரு வார்த்தை பேசாமலே இதையெல்லாம் செய்ய என்னால் முடியும். உன் சித்தியோடு ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தேன், அவள் வீட்டில் என்றைக்கு எத்தனை மணிக்கு அடுப்பு எரிந்தது என்று கேள், சொல்கிறேன். அந்தக் கண்ணை எடுத்து இனி அவன் மேல் வைக்கிறேன்.

உன்னைப் பெற்ற, உனக்காக இன்னும் அழாத,
உன் அம்மா